மூன்று லோச்சுகளுக்கு எட்டுத் துணை

அப்பா ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரமாவது நிமிர்ந்து உட்கார வேண்டும் என்று சொல்லித்தான் மருத்துவமனையிலிருந்து அனுப்பினார்கள். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், கட்டினால் மறுபடி இங்கேதான் வர வேண்டும், மறுபடி வந்தால் இந்த உடம்பு தாங்காது. பெரிய டாக்டர் இதை நடந்துகொண்டே சொன்னார். நான் பின்னாலேயே நடந்து நோட்டில் எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அதை ஒரு அட்டவணையாக்கிச் சுவரில் ஒட்டினேன்: தேதி, உட்கார்ந்த நேரம், படுத்த நேரம், படுத்ததற்குக் காரணம்.

முதல் வாரத்தின் காரணக் கட்டங்கள் எல்லாவற்றிலும் ஒரே வாசகம்தான் இருக்கிறது. மீன் வரவில்லை.

அப்பாவிடம் பதினான்கு வருடமாக ஒரு மீன்தொட்டி இருக்கிறது. ஆறடி நீளம், ஹாலின் ஒரு சுவர் முழுக்க. அதில் ஏழு லோச்சுகள். லோச் என்பது அயிரைக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் சாண் நீளம் வளரும். ஆரஞ்சு உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை, வாயோரம் மீசை, தரை மணலைத் துழாவிக்கொண்டே கூட்டமாகத் திரியும். அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். பகல் முழுக்க லிஃப்ட் குழிக்குள் கயிற்றையும் சக்கரத்தையும் பார்த்துவிட்டு வருகிறவர், மாலையில் தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் சாப்பிடக்கூட எழ மாட்டார்.

பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு கொஞ்சம் குழறினாலும் நின்றுவிடவில்லை. எழுந்து உட்காரச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒன்றே ஒன்றுக்குத்தான் சம்மதித்தார்.

"தொட்டி முன்னாடின்னா உட்கார்றேன். பசங்களப் பாக்கணும்."

உட்கார வைத்தோம். முதுகுக்கு ஒன்று, விலாவுக்கு ஒன்று என்று தலையணை கொடுத்தோம். அவருடைய மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினேன். அவர் தொட்டியைப் பார்த்தார்.

"எங்க?"

"கட்டைக்குப் பின்னாடி இருக்குப்பா. வரும்."

பதினைந்து நிமிடம் பொறுத்தார். "படுக்கப் போடுங்க."

தொட்டியில் அப்போது ஏழு இல்லை, மூன்றுதான் இருந்தன என்பதை அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிய அன்று, வீட்டைப் பூட்டும்போது அம்மா மெயின் சுவிட்சை அணைத்திருந்தாள். வீட்டைவிட்டு எல்லோரும் கிளம்பினால் அணைப்பது அவளுடைய பழக்கம். பழக்கத்துக்கு ஆம்புலன்ஸ் தெரியாது. ஃபில்டரும் ஹீட்டரும் இரண்டரை நாள் நின்றுபோயின. மாற்றுத் துணி எடுக்க நான் வந்தபோது நான்கு மிதந்தன. அதில் ஒன்று பெரியவன். ஏழில் மூத்தது, தலைவன். அது முன்னால் போனால்தான் மற்றவை பின்னால் போகும்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இவ்வளவுதான்: "அவர் எழுந்து நடக்கட்டும். அப்புறம் நானே சொல்றேன். நீ வாயத் தெறக்காத."

மிஞ்சிய மூன்றும் தொட்டியின் ஒரு முனையில், ஃபில்டருக்குக் கீழே கிடக்கும் மரக்கட்டைக்குள் புகுந்துகொண்டன. இரை போட்டாலும் விளக்கு அணைந்த பிறகுதான் வந்து தின்றன. இப்படி இருந்தால் அப்பா பதினைந்து நிமிடம்கூட உட்கார மாட்டார். அதனால் என் வேலை எனக்குத் தெளிவாக இருந்தது. மூன்றையும் பகலில் வெளியே வர வைக்க வேண்டும்.

மீன் கடைக்காரரிடம் போனேன். அப்பாவை அவருக்குப் பல வருடப் பழக்கம்.

"தங்கச்சி, மூணு லோச்சு இருக்கறதும் ஒண்ணு, இல்லாததும் ஒண்ணு. அதுங்க கூட்டத்துல பொறந்து கூட்டத்துல சாகற சாதி. மூணே பேர்னா ஊரே காலியாயிடுச்சுன்னு நெனச்சுக்கும்."

"இன்னும் நாலு லோச் வாங்கிப் போட்டா?"

"குட்டிதான் இருக்கு. இந்தக் கட்டவிரல் சைஸ். உங்க வீட்டு சைசுக்கு வளர எத்தன வருஷம் ஆகும்னு உங்கப்பாவக் கேளுங்க."

அப்பாவைக் கேட்க முடியாததுதான் பிரச்சினை. குட்டிகளைப் பார்த்தால் பெரிசுகள் எங்கே என்பார். ஒவ்வொன்றின் பட்டையும் அவருக்கு மனப்பாடம்.

"அப்ப வேற சாதி மீன் விடுங்க" என்றார் கடைக்காரர். "மேல நாலு பேர் பயமில்லாம நீந்திட்டிருந்தா, சரி, ஆபத்து ஒண்ணும் இல்லன்னு கீழ இருக்கறது தலைய நீட்டும். ஆனா பொருத்தம் பாத்து விடணும். இல்லன்னா கழுத விட்ட எடத்துல பேய் புடிச்ச கதையாயிடும்."

பொருத்தம் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. பகலில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டத்துக்கு லென்ஸ் பொருத்துகிறேன். மாலை ஆறரைக்குக் கண்ணாடித் தொழில்நுட்ப வகுப்பு. எதையும் நான்கு கோணத்தில் அளந்து பார்க்காமல் ஒட்டக் கூடாது என்றுதான் இரண்டு இடத்திலும் சொல்கிறார்கள். ஆகவே நான்கு கேள்விகள் எழுதினேன். இருபத்தெட்டு டிகிரி சூடு தாங்குமா? கடினமில்லாத நீர் ஒத்துக்கொள்ளுமா? துடுப்பு நீளமா? தரைக்காகச் சண்டை போடுமா?

மதிய உணவு நேரங்களில் பட்டியலிலிருந்து ஒவ்வொரு மீனாக அடித்துக்கொண்டே வந்தேன். தங்கமீனுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும், லோச்சுக்குச் சூடு வேண்டும். இரண்டுக்கும் நடுவாக வைத்தால் இரண்டும் சாகும். கப்பி, ஃபைட்டர் இரண்டுக்கும் வால் தோகை மாதிரி. லோச் கெட்ட எண்ணமில்லாமலே அதைப் பிய்த்துத் தின்னும். சிவப்பு வால் ஷார்க் தரையில் ஒரு மூலையைத் தனதென்று சொல்லி மற்றவரை விரட்டும். டைகர் பார்ப் சுறுசுறுப்புதான், ஆனால் தானே கடிக்கிற ஆள். சிக்லிட் வகையறாவைப் பற்றிப் படித்த எல்லா இடத்திலும் அடிதடி. நத்தை விட்டால் லோச்சுக்கு அது விருந்து. கடைசியில் ஒன்றே ஒன்று நின்றது. ரெயின்போ. முன்பாதி நீலம், பின்பாதி ஆரஞ்சு, நடு நீரில் கூட்டமாக நீந்தும், யார் வம்புக்கும் போகாது. ஆனால் அது கொஞ்சம் கடின நீரை விரும்பும் என்று ஓரிடத்தில் படித்தேன். இரண்டு நாள் அதிலேயே நின்றேன். கடைக்காரரின் தண்ணீரைச் சோதனைக் குழாயில் பிடித்து வந்து எங்கள் தண்ணீரோடு வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் அதிகமில்லை. அதிகமில்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவே இன்னொரு நாள் போனது.

எட்டு ரெயின்போவை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது கடைக்காரர் சிரித்தார்.

"மீன் வாங்க வந்தீங்களா, மாப்ள பாக்க வந்தீங்களா? அவ்ளோ நேரம் பாத்தா அதுவே வெக்கப்படும்."

வாங்கி வந்ததை நேரே தொட்டியில் விடவில்லை. புது மீன் வெள்ளைப்புள்ளி நோயைக் கொண்டுவரும். லோச்சுக்குச் செதில் மிக மெல்லியது. நோய் வந்தால் முதலில் அதற்குத்தான் வரும், மருந்து போட்டால் மருந்தே அதைக் கொல்லும். நான்கு வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தனி ஃபில்டர், தனி வலை, தனி வாளி வைத்து, குளியலறைக்குப் பக்கத்தில் எட்டையும் விட்டேன். இருபத்தெட்டு நாள்.

அந்த இருபத்தெட்டு நாளில் அட்டவணை இறங்கிக்கொண்டே வந்தது. பதினைந்து நிமிடம், பன்னிரண்டு, பத்து. நான் வேலைக்குப் போயிருக்கும் பகல் நேரக் கட்டத்தை அம்மா நிரப்புவாள். சமையலறையிலிருந்தே, "ஏங்க, மீன் வந்துச்சா?" என்று கேட்பாள். "இல்ல" என்பார். அம்மா 'இல்லை' என்று எழுதுவாள். சாப்பாடும் குறைந்தது.

"தட்டுல பாதிய அப்படியே வெச்சுடறார்டி. பசியே இல்ல அவருக்கு" என்று அம்மா ஒவ்வொரு நாளும் சொன்னாள். அதையும் எழுதினேன்: உணவு, பாதி.

ஒருவேளை கண்ணாடிதான் சரியில்லையோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. என் தொழிலுக்கு அந்தச் சந்தேகம்தானே வரும்? கடையிலிருந்து எழுத்துப் பலகையைக் கொண்டுவந்து கட்டிலுக்கு எதிரே மாட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடி அளந்தேன். எல்லா வரியிலும் பின்பாதி எழுத்துகளை மட்டும் படித்தார்.

"முன்னாடி இருக்கறதையும் படிங்கப்பா."

"படிச்சாச்சே."

அலுத்துப்போய்ச் சொல்கிறார் என்று நினைத்தேன். நோட்டில் 'சோர்வு' என்று எழுதி வைத்தேன். பவர் கால் புள்ளி மாறியிருந்தது. புது லென்ஸ் போட்டுச் சட்டத்தை அவர் மூக்குக்குச் சரியாக வளைத்துக் கொடுத்தேன். மிக நேர்த்தியாக உட்கார்ந்தது. அதற்கு மறுநாள் எட்டு நிமிடம்.

மூன்றாவது வாரத்தில் அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. என்னை அவள் சின்ன வயதிலிருந்து 'அளவுகோல்' என்றுதான் கூப்பிடுவாள்.

"ஊரையே மேல ஏத்தி எறக்குனவன், தான் எழுந்து உட்கார மட்டும் என்ன பிகு பண்றான்?" என்று வாசலிலேயே தொடங்கினாள். கையில் ஒரு பாலிதீன் பை. அதில் இரண்டு ஏஞ்சல் மீன்கள், விரல் நீளத் துடுப்போடு. நான் செருப்பைக் கழற்றி உள்ளே வருவதற்குள் பையைத் தொட்டிக்குள் கவிழ்த்துவிட்டாள்.

"அத்தை!"

"என்ன அத்தை? வெறும் தண்ணியப் பாத்துட்டு ஒரு மனுஷன் எவ்ளோ நேரம் உட்காருவான்? அந்தக் கடைக்காரன் சொன்னான், இதுதான் அழகுன்னு."

"துடுப்பு நீளம் அத்தை. லோச் கடிக்கும்."

"கடிச்சா கடிச்சுட்டுப் போகுது. அதுக்காச்சும் வெளிய வரட்டும்."

அதில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்கும் பட்டது. அதனால் உடனே எடுக்கவில்லை. மறுநாள் காலையில் ஒரு ஏஞ்சலுக்குத் துடுப்பு நூல்நூலாகத் தொங்கியது. இரண்டையும் வலையில் பிடித்துக் கடையில் திருப்பிக் கொடுத்தேன். வெள்ளைப்புள்ளி வந்துவிடுமோ என்று அடுத்த பத்து நாள் டார்ச்சை அடித்து அடித்து மூன்றின் உடம்பையும் தேடினேன். வரவில்லை. நான் அவ்வளவு பயந்தது நடக்கவில்லை. நடந்தது வேறு.

இருபதாவது நாள் அப்பாவுக்கு இருமல் தொடங்கியது.

"இன்னிக்கே விட்டுடேன்டி" என்றாள் அம்மா. குளியலறைப் பக்கம் நின்று அந்த எட்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாத்தானே இருக்குங்க. எட்டு நாளு முன்ன பின்ன ஆனா என்ன?"

"மூணும் செத்துட்டா?"

அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். சுவிட்சை அணைத்தவளிடம் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று தெரியும். கேட்ட பிறகுதான் தெரிந்தது.

இருபத்தெட்டாவது நாள் விட்டேன். எட்டும் ஒரு சுற்று சுற்றிவிட்டு நடு நீரில் வரிசையாகின. மூன்றாம் நாள் மாலை நான் வேலையிலிருந்து வந்தபோது, ஃபில்டரிலிருந்து விழும் நீரோட்டத்தில் மூன்று லோச்சுகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஏறி ஏறி இறங்கின. பட்டப்பகல் போல விளக்கு எரிந்தது. ஒளியவே இல்லை. அம்மா கையில் கரண்டியோடு ஓடிவந்து பார்த்தாள். இரண்டு பேரும் சேர்ந்து அப்பாவைத் தூக்கி உட்கார வைத்தோம். அவ்வளவு அவசரத்தில் தலையணைகூட வைக்கவில்லை, அம்மா தோளைக் கொடுத்து நின்றாள்.

அப்பா பார்த்தார். ரெயின்போக்களைப் பார்த்துவிட்டு வாயோரம் சிரித்தார்.

"யாரு இவங்க? என்னக் கேக்காம வாடகைக்கு ஆள் வெச்சுட்டீங்களா?"

"அப்பா, கீழ பாருங்க. லோச்சு."

"எங்க?"

"இதோ. இங்க. ஃபில்டர்கிட்ட."

"இல்லையே."

நான் தொட்டிக் கண்ணாடியில் விரல் வைத்துக் காட்டினேன். விரலுக்கு அந்தப் பக்கம் மீசை தெரிய ஒன்று மணலை ஊதிக்கொண்டிருந்தது. அப்பா என் விரலைப் பார்க்கவில்லை. தொட்டியின் மறுமுனையைப் பார்த்துக்கொண்டு, "எதுக்குடா பொய் சொல்றீங்க?" என்றார். குரல் உடைந்திருந்தது. "படுக்கப் போடுங்க."

ஆறு நிமிடம். அன்று வகுப்புக்குப் போகவில்லை. மூளையே போய்விட்டதோ என்று அம்மா கேட்டாள். நான் இல்லை என்றேன். எதை வைத்து இல்லை என்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிசியோதெரபி செய்யும் அக்கா முதல்முறை வந்தார். அவருக்காக வாரக்கணக்கில் பெயர் கொடுத்துக் காத்திருந்தோம். அப்பா அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தார். அந்த அக்கா கையையும் காலையும் தொடுவதற்கு முன் தட்டைப் பார்த்தார். தட்டின் வலது பாதி வழித்து எடுத்தது போலக் காலி. இடது பாதி கைபடவே இல்லை. நடுவில் கோடு போட்ட மாதிரி இருந்தது. தட்டை அரைவட்டம் திருப்பி வைத்தார்.

"இன்னும் இருக்கா?" என்று அப்பா ஆச்சரியமாகக் கேட்டுவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார்.

அம்மா சுவரில் சாய்ந்துவிட்டாள். அந்த அக்கா எங்கள் பக்கம் திரும்பினார்.

"இடது பக்கம் அவருக்குத் தெரியல. யாரும் சொல்லலையா?"

"கண்ணு டெஸ்ட் பண்ணேன்க்கா. ரெண்டு கண்ணும் தனித்தனியா."

"ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்கும். மூளை அந்தப் பக்கத்த வாங்கிக்கறதில்ல. பாதி தெரியலங்கறதே அவருக்குத் தெரியாதும்மா. அவரப் பொறுத்தவரைக்கும் அவ்ளோதான் உலகம்."

அத்தையும் அன்று இருந்தாள். "ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடறவ நீ" என்று தொடங்கியவள், என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவள் பாதியில் நிறுத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வகுப்பில் பார்வைப் பரப்பு அடுத்த பருவத்துப் பாடம். ஆனால் எழுத்துப் பலகை என் கையில்தான் இருந்தது. ஒவ்வொரு வரியிலும் பாதியை விட்டார், நான் சோர்வு என்று எழுதினேன். அது மட்டுமா? நான் வீட்டில் இல்லாத பகல்களில் மீன் வந்ததா இல்லையா என்று எங்களுக்குச் சொன்னது அப்பா ஒருவர்தான். கட்டையும் ஃபில்டரும் அவருடைய இடது பக்கம். சுவரில் ஒட்டிய என் அட்டவணை முழுக்க அந்தப் பாதிக் கண்ணால் நிரப்பியது. எத்தனை நாள் அவை வெளியே வந்து, அவர் இல்லை என்று சொல்லி, நாங்கள் இல்லை என்று எழுதினோமோ.

நாற்காலியைத் தொட்டியின் இடது முனைக்கு நகர்த்தி, தொட்டி முழுவதும் அவருடைய வலப்பக்கம் வருமாறு திருப்பிப் போட்டோம். அப்பா தலையைத் தூக்கினார்.

"அடேய்" என்றார். அப்படி ஒரு குரலை நோய்க்குப் பிறகு நான் கேட்டதில்லை. "மீசை! சொட்டையன்! குள்ளி! எங்கடா போயிருந்தீங்க இத்தன நாளா?"

மூன்றும் நீரோட்டத்தில் ஏறி இறங்கின. அத்தை அழுதாள். பிசியோ அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். அப்பா ஒரு விரலை ஆட்டி எண்ணினார். மூன்றோடு விரல் நின்றது.

"பெரியவன் எங்க?"

"கட்டைக்குள்ள" என்றாள் அம்மா. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

"மத்த மூணு?"

"எல்லாம் அவன்கூடத்தான்."

"சரி. வரட்டும்."

அன்று ஒரு மணி ஐம்பது நிமிடம் உட்கார்ந்தார். மறுநாள் இரண்டு மணி பத்து நிமிடம். அதற்கு மறுநாள் இரண்டே முக்கால். இருமல் குறைந்தது. அடுத்த முறை வந்த பிசியோ அக்கா அட்டவணையைப் பார்த்து, "இப்படியே போனா கம்பு புடிச்சு நிக்க வெச்சிடலாம்" என்றார். டாக்டர் கேட்டதற்கு மேலேயே நடந்தது. எதனால் நடந்தது என்று எனக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும். அவர் மூன்றைப் பார்ப்பதற்காக உட்காரவில்லை. நான்குக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிடலாம்மா" என்றேன் சமையலறையில்.

"சொன்னா படுத்துடுவார்."

"சொல்லலன்னா?"

"உட்காருவார்." பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "நான்தான் அணைச்சேன். நான்தான் சொல்லணும். கம்பு புடிச்சு நிக்கட்டும், சொல்றேன்."

பாத்திரம் எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.

புதன்கிழமை நான் வேலையிலிருந்து வந்தபோது அப்பா நாற்காலியில் இடது பக்கம் சரிந்திருந்தார். மூன்று மணி நேரம் தாண்டியும் படுக்க மறுக்கிறார் என்றாள் அம்மா. இடுப்பில் அழுத்தம்பட்டுத் தோல் சிவந்திருந்தது. நிமிர்த்தி வைத்தேன். என் கையைப் பிடித்தார்.

"உக்காரு. ஒரு விஷயம் சொல்லணும்."

உட்கார்ந்தேன்.

"பெரியவன் ஏன் வரலன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"இந்தக் கலர்ப் பசங்கதான்" என்றார் அப்பா, ரெயின்போக்களைக் கண்ணால் காட்டி. "அவனுக்குப் புது ஆளுங்க ஆகாது. கூட்டத்துக்குப் பெரியவன் அவன். நாலு பேரு வந்து நடுவீட்ல ஆட்டம் போட்டா, மானமுள்ளவன் எப்படி வெளிய வருவான்? மூணும் சின்னதுங்க, வெக்கம் கெட்டதுங்க, வந்துடுச்சு. நீ பொருத்தம் பாக்காம விட்டுட்ட."

"பாத்துத்தான்பா விட்டேன்."

"பதினாலு வருஷம் வெச்சிருந்தவன் சொல்றேன், கேளு. தப்பில்ல. உனக்கு எப்படித் தெரியும்? எடுத்துடு எல்லாத்தையும்."

எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மேலே நடமாட்டம் நின்றால் மூன்றும் கட்டைக்குள் போய்விடும். அவருக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது. எடுக்காவிட்டால், ஏன் எடுக்கவில்லை என்று கேட்பார். அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அந்தப் பதில் அம்மாவுடையது. நான் அவளைப் பார்த்தேன். அவள் முந்தானையைக் கையில் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்தாள். வாய் அசைந்தது. பிறகு, "அப்பா சொல்றதச் செய்டி" என்றாள்.

வலையை எடுத்து வந்தேன். ஆறடித் தொட்டியில் ரெயின்போவைப் பிடிப்பது லேசான காரியமில்லை. அம்பு மாதிரி போகும். அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "தொரத்தாத, தொரத்தாத. ஓரமா ஒதுக்கு. வலைய ஆட்டாம வெச்சுட்டு இந்தக் கையால தள்ளு. ஆங், அப்படித்தான்" என்று ஒவ்வொன்றுக்கும் வழி சொன்னார். எட்டாவதைப் பிடித்து வாளியில் விடும்போது ஆறே முக்கால். என் சட்டை தோள்வரை நனைந்திருந்தது.

முதல் இரண்டு பிடிபட்டபோதே மூன்று லோச்சுகளும் கட்டைக்குள் போய்விட்டன. தொட்டியில் மணலும் கட்டையும் குமிழிகளும் மட்டும் இருந்தன. வாளியில் எட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக மோதித் தண்ணீரைத் தெறிக்க விட்டன.

"வாளிய அந்தப் பக்கம் கொண்டு போ. சத்தத்துல பயப்படுவான்" என்றார் அப்பா. தானாகவே வலது கையை நாற்காலிக் கைப்பிடியில் ஊன்றி, யாரும் பிடிக்காமல், முதுகை நிமிர்த்திக்கொண்டார். அம்மா ஓடிவந்து பிடிக்கப் போனாள். வேண்டாம் என்று தலையசைத்தார்.

"நீங்களும் நிழலாட்டம் நிக்காதீங்க, உக்காருங்க. இப்ப வருவான் பாரு."